விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா: கல்லுக்கு முன்னால் அடுத்து யார்?

மதுரையிலிருந்து தெற்கே நான்குவழிச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வந்தால் விருதுநகர். பகலில் வந்து இறங்கினால் இந்த ஊரில் உங்களை வரவேற்பது மிளகாய் நெடி. லாரியில் மூட்டை ஏறும், மூட்டை இறங்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். 'இங்கே வந்து என்னத்தைச் சாப்பிடுவது?' என்று தோன்றும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அதே தெருவுக்கு மறுபடி வாருங்கள். ஒவ்வொரு முக்கிலும் ஒரு கல் சூடேறிக்கொண்டிருக்கும். பிசைந்த மாவு பலகையில் விழும் 'தப்... தப்...' சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் சலசலக்கும். வாழை இலையின் மேல் சால்னா ஓடும். அதுதான் விருதுநகர்.

நான் சிவகாசிக்காரி. அப்பா அங்கே ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதினார். மாதம் ஒருமுறை மளிகைச் சாமான் வாங்க விருதுநகர் போவார். எண்ணெய், பருப்பு, வத்தல் மூன்றும் அங்கேதான் மலிவு என்பது அவர் கட்சி. போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கையில் பை, மடியில் எண்ணெய் டின், திரும்பும் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு எண்ணெய்ப் புரோட்டா. அம்மாவுக்கும் தம்பிக்கும் பார்சல். அந்தக் கடை இன்னும் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை நடத்துகிறது. போன மாதம் போயிருந்தேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இங்கே அவர் 'அண்ணாச்சி', அவர் மனைவி 'அக்கா'.

எண்ணெய் விலை சொல்லும் ஊர்

விருதுபட்டி என்று இருந்த ஊர் 1923-ல் விருதுநகர் ஆனது. இங்கே பெரிய ஆறு கிடையாது, செழித்த வயலும் கிடையாது. ஊரை வளர்த்தது வியாபாரம். சுற்றியுள்ள கரிசல் காட்டில் விளைந்த மிளகாயும் மல்லியும் பருப்பும் எண்ணெய் வித்துகளும் இங்கே வந்து விலை பேசப்பட்டன. இன்றைக்கும் பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். கடலை எண்ணெய் 15 கிலோ டின் இவ்வளவு, நல்லெண்ணெய் 15 கிலோ டின் இவ்வளவு, பாமாயில் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கிற நல்லெண்ணெய் பாட்டில்களில் சில இந்த ஊர்க் குடும்பங்கள் வளர்த்த பிராண்டுகள்.

எண்ணெய் கொழிக்கிற ஊரில் புரோட்டா எண்ணெயில் குளித்ததில் ஆச்சரியம் என்ன?

மற்ற ஊர்களில் புரோட்டாவைக் கல்லில் போட்டு, எண்ணெய் விட்டுச் சுடுவார்கள். இங்கே நடுப்பகுதி குழிந்த அகலமான கல் இருக்கும். குழியில் எண்ணெய் நிற்கும். அதில் கிட்டத்தட்ட மூழ்கிப் பொன்னிறமாக வேகும். அளவு சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரலால் அழுத்தினால் நொறுங்கும், உள்ளே மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். தூத்துக்குடிக்காரர்கள் பொரித்த புரோட்டா தங்களுடையது என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. இரண்டு ஊரிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அரிசி வராத வருஷங்கள்

விருதுநகர் புரோட்டா என்றதும் வெளியூர்க்காரர்கள் முதலில் சொல்லும் பெயர் 'பர்மா கடை'. விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு அடையாளமாகிவிட்ட பெயர் அது. கல்லில் வேகும் மைதாவுக்கும் கடலுக்கு அப்பால் இருக்கும் பர்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன்.

தென்மாவட்டங்களில் பர்மாவை அறியாத குடும்பம் குறைவு. ரங்கூனுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் ஏராளம். அங்கிருந்து கப்பல் கப்பலாக அரிசி இங்கே வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. பிழைக்கப் போன தமிழர்களில் பலர் காட்டிலும் மலையிலும் நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியிலேயே இறந்தவர்களும் உண்டு. பர்மா அரிசி வருவதும் நின்றுபோனது. இங்கே அரிசிக்குத் தட்டுப்பாடு, ரேஷன். பிற்பாடு 1960-களில் பர்மா அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியபோது இன்னொரு கூட்டம் கையில் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

அரிசி குறைந்த இடத்தில் கோதுமை வந்தது. யுத்த காலத்தில் ரேஷனில் வந்தது. 1956-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து ஒப்பந்தப்படி கோதுமை வந்து இறங்கியது. சோறும் கம்பங்கூழும் தின்று வளர்ந்த நம் ஊர் வயிறு மைதாவுக்குப் பழகியது அந்த வருஷங்களில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த மாவு வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை. இலங்கையில் அதைத் துண்டு துண்டாகக் கொத்தினால் கொத்து ரொட்டி. மலேசியாவில் பருப்புக் குழம்போடு வைத்தால் ரொட்டி சானாய். பிழைக்கப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும் கடல் நெடுக இழுத்துப்போன ருசி இது. இப்படிப் பார்த்தால் புரோட்டாக்கடை வாசலில் 'பர்மா' என்ற பெயர் அவ்வளவு பொருத்தம்.

ஒரு டின், ஒரு கல்

நான் போன கடைக்கு அப்படிக் கடல் தாண்டிய கதை இல்லை. அண்ணாச்சியின் தாத்தா எண்ணெய்க் குடோனில் டின் தூக்கியவர். இடுப்பு போன பிறகு, வீட்டு வாசலில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்தார். முதல் கல்லாப்பெட்டி, பாதியாக வெட்டிய எண்ணெய் டின். அது இப்போதும் கடையில் இருக்கிறது. ஆனால் அதில் கரித்துணி கிடக்கிறது.

"ஆரம்பத்துல பெஞ்சு கூட கிடையாதும்மா. மூட்டை தூக்குறவங்க நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க. அவங்களுக்கு நேரம் கிடையாது. உக்காந்து சோறு போட்டுச் சாப்பிட்டா லாரி போயிரும். ரெண்டு புரோட்டா, சால்னா, முடிஞ்சது" என்றார் அண்ணாச்சி.

'ஃபாஸ்ட் ஃபுட்' என்ற போர்டு நம் ஊர்களில் வந்தது பின்னால். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே அந்த வேலை நடந்திருக்கிறது. ஆனால் வேகம் கல்லில் மட்டும்தான். அதற்குப் பின்னால் ஒரு முழுப் பகல் இருக்கிறது.

மதியம் மாவு பிசைகிறார்கள். மைதா, உப்பு, துளி சர்க்கரை, தண்ணீர், எண்ணெய். ஈரத்துணி போட்டு மூடி ஊற வைக்கிறார்கள். பிறகு உருட்டி, எண்ணெய் தடவி, மறுபடி ஊற வைக்கிறார்கள். மைதாவில் குளூட்டன் என்ற பசைப்புரதம் இருக்கிறது. பிசைந்ததும் அது ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்கும். ஊறினால் தளரும். தளர்ந்தால்தான் மாஸ்டர் அதை வீசி, விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரிக்க முடியும். அப்படி விரித்ததை மடித்து, சுருட்டி, தட்டிக் கல்லில் போடும்போது, மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகி, எண்ணெய் தடவிய மடிப்புகளைப் பிரித்து எழுப்புகிறது. அடுக்கு அடுக்காக வருவது அதனால்தான்.

"பொரிச்சதுனா ராத்திரி வரைக்கும் ரப்பராகாது. பார்சல் வாங்கிட்டுப் போறவங்க பிள்ளைங்க தூங்கி எந்திரிச்சுச் சாப்பிட்டாலும் நொறுங்கும்" என்றார். என் தம்பி அப்படித் தூக்கக் கலக்கத்தில் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமையும் தீபாவளியும்

விருதுநகரிலிருந்து சிவகாசி சுமார் 25 கிலோமீட்டர். மழை குறைந்த, காய்ந்த பூமி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் அந்த வறட்சியே வசதி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம்.

எங்கள் பக்கம் யாரும் 'பட்டாசுத் தொழிற்சாலை' என்று சொல்ல மாட்டார்கள். 'ஃபயர் ஆபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி செய்யும் இடம் 'தீப்பெட்டி ஆபீஸ்'. காலையில் ஃபயர் ஆபீஸ் வண்டி ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். அலுமினியப் பொடி ஒட்டிய கைகள் வெள்ளி மாதிரி மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்றைக்கு சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் எங்கும் புரோட்டாக்கடையில் இடம் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை கூடும், கூட்டமும் கூடும். தீபாவளி முடிந்ததும் ஆபீஸ்களை மூடுவார்கள். கடையும் ஈயடிக்கும்.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கடும் கட்டுப்பாடுகள் விதித்தது. பசுமைப் பட்டாசு மட்டும், அதுவும் இரவில் இரண்டு மணி நேரம் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. டில்லியில் காற்று கெட்டதைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தபோது, இங்கே புரோட்டாக்கடையில் மாவு பாதியாகக் குறைந்தது. "அஞ்சு கிலோ பிசைஞ்சதுல ரெண்டு கிலோ மிஞ்சிச்சு. கடன் சொல்லிச் சாப்பிட்டவங்க உண்டு. திறந்ததும் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஒருத்தர் மட்டும் கொடுக்கல" என்று நிறுத்தினார் அண்ணாச்சி.

'ஏமாற்றிவிட்டாரா?' என்று கேட்டேன்.

"இல்லம்மா. திறந்த பிறகு நடந்த விபத்துல போயிட்டாரு."

கடன் நோட்டில் அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் இப்படிச் சில பெயர்கள் குறைகின்றன. செய்தியில் அவை எண்ணிக்கையாக வரும். கடைக்காரருக்குத் தெரிந்தது 'ரெண்டு புரோட்டா, ஒரு ஆஃப்பாயில், வெங்காயம் கூட' என்று கேட்கிற ஆள்.

பின்கட்டில் ஓடும் கிரைண்டர்

கடையின் கதையை அண்ணாச்சி சொல்லி முடித்தபோது தாத்தா, அப்பா, தான் என்று மூன்று ஆண்கள் வந்துபோயிருந்தார்கள். சால்னா எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "பின்னாடி போய்க் கேளு" என்றார்.

பின்கட்டில் அக்கா மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். இப்போது கிரைண்டர். ஓரத்தில் அம்மி ஒன்று நடுவில் குழிந்துபோய்க் கிடந்தது. அது தாத்தாவின் மனைவி அரைத்தது. சால்னாவின் கணக்கு அந்தப் பாட்டியுடையது. தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, வத்தல் எவ்வளவு என்பதை மருமகளுக்குச் சொன்னார். அந்த மருமகள் தன் மருமகளுக்கு, அதாவது இந்த அக்காவுக்குச் சொன்னார். எங்கும் எழுதி வைக்கவில்லை. மூன்று தலைமுறையாகக் கல்லுக்கு முன்னால் நின்றவர்கள் அப்பாவிடமிருந்து மகனாக வந்தார்கள். ருசி மட்டும் வெளியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் வழியாகவே வந்திருக்கிறது.

"முன்னாடி வந்து ஒருநாள் உக்காந்ததில்லையாக்கா?"

"எதுக்கு? அங்க உக்காந்தா இங்க யாரு பாக்குறது?" என்றார். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "நம்ம கடைல நான் இலை போட்டு உக்காந்து சாப்பிட்டதே இல்ல தெரியுமா. பசங்க கொண்டாந்து தருவாங்க, நின்னுக்கிட்டே தின்னுருவேன்."

அந்தக் காலத்து மூட்டை தூக்குகிறவர்கள் மாதிரியே.

அடுத்து யார்?

இரண்டு மகன்கள். இரண்டு பேரும் இன்ஜினீயர்கள். ஒருவர் பெங்களூரு, ஒருவர் கோவை. கல்லுக்கு வர மாட்டார்கள். அண்ணாச்சிக்கும் அவர்கள் வருவதில் இஷ்டமில்லை. வலது தோளை உயர்த்திக் காட்டினார். காதுக்கு மேல் கை போகவில்லை. முப்பது வருஷம் மாவு வீசிய தோள்.

பிள்ளைகளைக் கடையில் உட்காரவைப்பது இந்த ஊர்ப் பழக்கம். காமராஜரே சிறுவயதில் அப்பாவை இழந்து, மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவர்தான். அதே ஊர், வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கை எடுத்துவைத்துப் பள்ளிக்கூடமும் கட்டியது. அப்படி வந்த க்ஷத்திரிய வித்யாசாலா தொடங்கியது 1889-ல். கடைப்பையனாக இருந்தவர் முதலமைச்சர் ஆனதும் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்கள் கல்லை விட்டுப் போனார்கள். இதில் யாரைக் குறை சொல்வது?

இப்போது கல்லில் நிற்பவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். ஆறு மாதத்தில் வீச்சு கற்றுக்கொண்டார். "ரெண்டு செட் பார்சல், சால்னா தனி" என்று சுத்தமான விருதுநகர்த் தமிழில் குரல் கொடுக்கிறார். அவருக்கும் ஊரில் ஒரு குடும்பம், அவரும் ஒருநாள் போய்விடுவார்.

மூன்றாவதாக ஒரு மகள். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். கடையின் கணக்கு, ஆன்லைன் ஆர்டர், சரக்கு எல்லாம் அவர் போனில்தான் ஓடுகிறது. சால்னாவும் அம்மாவிடம் கற்றுக்கொண்டுவிட்டார். "நானே கடையைப் பாக்குறேன்" என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறதாம். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தார். "ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நடக்கிற யாவாரம். குடிச்சிட்டு வருவான் ஒருத்தன். பொம்பளப் பிள்ளைய கல்லால உக்கார வச்சா ஊர் என்ன சொல்லும்?"

அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி கடையில் அவர் பார்த்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸிலும் ஃபயர் ஆபீஸிலும் எவ்வளவு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்! வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார ஊர் அவர்களை அனுப்புகிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார மட்டும் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். "நீயும் அவ சொன்னதையே சொல்ற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு

விருதுநகர் ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து தெற்கே போகும் பல ரயில்கள் நிற்கும். காமராஜர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, பகலில் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்றையும் ஒரே நாளில் சுற்றலாம். சாத்தூரில் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. மாலை விருதுநகருக்குத் திரும்பிவிடுங்கள்.

ஏழு மணிக்கு முன்னால் உட்கார்ந்தால் இடம் கிடைக்கும். இரண்டு புரோட்டாவை இலையில் வைத்ததும் பிய்த்துப் போடுங்கள். சால்னாவை மேலே ஊற்றச் சொல்லுங்கள். பாதி ஊறியும் பாதி நொறுங்கியும் இருக்கும்போதே சாப்பிடுங்கள், காத்திருந்தால் கூழாகிவிடும். தினமும் சாப்பிடும் சாப்பாடு இல்லை இது. மைதாவும் எண்ணெயும் என்ன செய்யும் என்று டாக்டர் சொல்வதும் சரிதான். என்றைக்கோ ஒருநாள், நல்ல பசியோடு போங்கள்.

நான் கிளம்பும்போது மணி ஏழரை. எண்ணெய் டின் இறக்க லாரி வந்தது. ரசீது பார்க்க அண்ணாச்சி எழுந்து போனார். கடையில் நல்ல கூட்டம். பணம் நீட்டிக்கொண்டு நான்கைந்து பேர் நின்றார்கள். உள்ளேயிருந்து வந்த மகள், யாரையும் கேட்காமல் கல்லாவில் உட்கார்ந்தார். "அண்ணே உங்களுக்கு எம்பது, அக்கா உங்க பார்சல் ரெடி" என்று வரிசை மளமளவென்று நகர்ந்தது.

லாரி போன பிறகும் அண்ணாச்சி தெருவிலேயே நின்று கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து அவளை எழுப்பவில்லை. என் பஸ் வந்துவிட்டது.